முதலெழுத்து போன பெயர்கள்

"பேரு எதுல ஆரம்பிக்குது மேடம்?" என்று கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமிருந்தவர் கேட்டார். நல்ல பெங்களூர்த் தமிழ். அவருடைய கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. பெயருக்கு முன்னால் சதவீதக் குறி போடக் கூடாது என்று கன்னடத்தில் கையால் எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தார்கள்.

இது 2009இல் நடந்தது. அப்பா இறந்து நான்கு மாதமாகியிருந்தது. அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டுமென்றால், அப்பா முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் தொடங்கிய கணக்கின் எண் வேண்டும். எண் எழுதிய அட்டை ஏதோ ஒரு வீடு மாற்றத்தில் போய்விட்டது. பட்டறையும் என்றைக்கோ மூடியாயிற்று. மிச்சமிருந்தது பெயர் மட்டும்தான். அதை இங்கே ஆறுமுகம் என்று வைத்துக்கொள்வோம். தர்மபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பையனின் பெயரை அந்தக் காலத்துக் குமாஸ்தா எப்படி எழுதிக்கொண்டார் என்பது யாருக்குத் தெரியும்? இன்ஷியல் முன்னால் வந்திருக்கலாம். ஊர்ப் பெயர் முன்னால் வந்திருக்கலாம். கன்னடக் காதில் விழுந்தபடி 'ஆர்முகம்' ஆகியிருக்கலாம். எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது, பெயர் 'முகம்' என்று முடியும் என்பதுதான்.

அதைச் சொன்னேன். அவர் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், சட்டென்று சதவீதக் குறியைப் போட்டு 'முகம்' என்று ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டார். திரை அப்படியே நின்றது. ஒரு நிமிடம் போயிருக்கும். பக்கத்துக் கவுன்ட்டரிலும் அதற்கடுத்த கவுன்ட்டரிலும் வேலை நின்றுபோக, கூடத்தில் சலசலப்பு எழுந்தது. உள்ளறையிலிருந்து ஓர் இளைஞர் வேகமாக வந்தார். எங்கே, யார் என்று அவர் கேட்கவே இல்லை. நேரே எங்கள் கவுன்ட்டருக்கு வந்து தேடலை நிறுத்திவிட்டுப் போனார். "சாப்பாட்டுக்கு மேல வாங்க" என்றார் கவுன்ட்டர்காரர். போனோம். அடுத்த வாரமும் போனோம்.

ஒரே ஒரு குறி ஒரு அலுவலகத்தையே எப்படி நிறுத்துகிறது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு அது புரிய வேண்டிய அவசியமும் இல்லை என்றுதான் நினைத்தேன். அது எவ்வளவு தவறு என்று பின்னால் தெரிந்தது.

டெலிபோன் டைரக்டரியைப் பார்த்து வளர்ந்த வாசகர்களுக்கு விஷயத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். 'முரு' என்று தொடங்கும் பெயர் வேண்டுமென்றால் புத்தகத்தை நடுவில் பிரிக்கிறோம். கடந்துவிட்டோமா, இன்னும் வரவில்லையா என்று பார்த்து, மீதிப் பாதியை மறுபடியும் நடுவில் பிரிக்கிறோம். பத்து லட்சம் பெயர்கள் இருந்தாலும் இருபது பிரிப்பில் வேலை முடிந்துவிடும். அதே புத்தகத்தைக் கொடுத்து, 'சாமி' என்று முடிகிற பெயர்களையெல்லாம் எடு என்று சொன்னால் அகரவரிசையால் ஒரு பயனும் இல்லை. அருணாசலசாமி முதல் பக்கத்தில் இருப்பார், வேலுச்சாமி கடைசிப் பக்கத்தில் இருப்பார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படிப்பதைத் தவிர வழியில்லை.

கம்ப்யூட்டரின் இன்டெக்ஸும் இதுதான். போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயர், எட்வர்டு மெக்கிரைட் என்ற இருவர் உருவாக்கி, 1972இல் கட்டுரையாக வெளியிட்ட 'பி-மரம்' என்ற அமைப்பின் வம்சம்தான் இன்றும் பெரும்பாலான டேட்டாபேஸ்களில் இருக்கிறது. மரத்தின் ஒவ்வொரு கிளையிலும் நூறு சாவிச் சொற்கள் இருப்பதாகக் கொண்டால் மூன்று படி இறங்கினால் பத்து லட்சம் பெயர்களில் எதையும் தொட்டுவிடலாம். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓர் இடத்துக்குப் போய் வாசிக்க ஏறக்குறைய 10 மில்லி வினாடி ஆகும் என்றால், மொத்தம் 30 மில்லி வினாடி. இமைப்பதற்குள் முடிகிற வேலை. குறியை முன்னால் போட்டால் கதை வேறு. ஆளுக்கு 200 எழுத்து என்று வைத்தாலும் பத்து லட்சம் பதிவுகளுக்கு 20 கோடி எழுத்து. வினாடிக்கு 50 லட்சம் எழுத்து வாசிக்கும் டிஸ்க் அத்தனையையும் படித்து முடிக்க 40 வினாடி. ஒருவர் மட்டும் கேட்டால் நாற்பது வினாடி காத்திருக்கலாம். ஆனால் அந்த ஒரே டிஸ்க்கை நம்பி முப்பது கவுன்ட்டர்கள் உட்கார்ந்திருந்தால், டிஸ்க்கின் ஊசி இங்கும் அங்கும் ஓடியே மாய்ந்துபோகும். காகிதம் ஒட்டியவர் மேல் எனக்கு இன்று கோபம் இல்லை.

இனி என் வீட்டுப் பக்கம் வருகிறேன். நான் இருப்பது தொம்மலூரில். இன்று இந்தப் பெயரைக் கேட்டால் மேம்பாலமும், அதன் மேல் நகராத வாகனங்களும்தான் பெங்களூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரும். உள்ளே நடந்தால் சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. அங்குள்ள பழைய கல்வெட்டுகள் தமிழில் இருப்பவை. பி.எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட 'எபிகிராஃபியா கர்னாடிகா' ஒன்பதாம் தொகுதி, பெங்களூர் மாவட்டத்துக்கானது, இவற்றைப் பதிவு செய்திருக்கிறது. அவற்றில் ஊரின் பெயர் தொம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம் என்று வருகிறது. தும்பைப் பூவோடு பெயரை முடிச்சுப் போட்டுச் சொல்வோரும் உண்டு. 'ம்ப' என்பது நாளடைவில் 'ம்ம' ஆகிவிட்டது.

கல்வெட்டு படிக்கிறவர்களுக்கு மேலே சொன்ன கவுன்ட்டர் பிரச்சினை அன்றாட விஷயம். கல்லின் விளிம்பு உடைந்திருக்கும், முதலெழுத்து போயிருக்கும். கையில் இருப்பது '...ம்பலூர்' என்று ஒரு வால். எந்த ஊர் என்று தேட வேண்டும். அகராதியும் ஊர்ப்பெயர்ப் பட்டியலும் முதலெழுத்தைத்தான் கேட்கும். கல்லில் இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய எழுத்தில் பெரும்பாலும் புள்ளி இல்லை. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் இல்லை. 'தொ' என்றும் படிக்கலாம், 'தோ' என்றும் படிக்கலாம். 2021இலிருந்து பெங்களூரின் மிதிக் சொசைட்டி இந்த வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் செய்து வருகிறது. கல் பிழைத்துவிடும். ஆனால் ஸ்கேன் செய்ததை எழுத்தாக்கி வைத்தபிறகு, பாதிப் பெயரோடு வருகிறவர் எப்படித் தேடுவார் என்பது தனிக் கேள்வி.

இதற்கு மிக எளிய விடை ஒன்று உண்டு. பெயரைத் திருப்பிப் போட்டு இன்னொரு பட்டியல் வைப்பது. டேட்டாபேஸில் பெயருக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு பத்தி சேர்க்க வேண்டும். அதில் அதே பெயர் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை தலைகீழாக இருக்கும். அந்தப் பத்திக்கு இன்டெக்ஸ் போட்டுவிட வேண்டும். 'முகம் என்று முடிவது' என்ற கேள்வியும் தலைகீழானால், 'ம்-க-மு என்று தொடங்குவது' என்று மாறிவிடுகிறது. தொடக்கத்தைத் தேடுவதுதான் மரத்துக்குத் தெரிந்த வேலையாயிற்றே! மறுபடியும் மூன்று படி, 30 மில்லி வினாடி. பழைய ஸிஸ்டங்களில் இந்தப் பத்தியைப் புரோகிராம் எழுதி நாமே நிரப்ப வேண்டியிருந்தது. ஆரக்கிள் 8ஐ, 1999இல் வந்தது, கணக்கிட்ட மதிப்பின் மேலேயே இன்டெக்ஸ் போட வழி செய்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. அதே ஆரக்கிளில் 'ரிவர்ஸ் கீ இன்டெக்ஸ்' என்றும் ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து அதைப் பயன்படுத்தி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்தடுத்து ஏறும் எண்கள் மரத்தின் ஒரே மூலையில் குவியாமல் இருப்பதற்காக வந்த ஏற்பாடு அது. அதை வைத்து முடிவுத் தேடலும் நடக்காது, தொடக்கத் தேடலும் நடக்காது.

முதலெழுத்து தெரியாமல் தேடுவது தமிழுக்குப் புதிதா என்றால், இல்லை. நம் நிகண்டுகள் பொருள்வாரியாக அமைந்தவை. தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று போகும். ஆனால் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியைத் திறந்தால் ககர எதுகை, ஙகர எதுகை என்று வரிசை போகிறது. எதுகை என்றால் இரண்டாம் எழுத்து. அதாவது, முதலெழுத்தை விட்டுவிட்டு இரண்டாம் எழுத்துக்குப் போட்ட இன்டெக்ஸ்! முதலெழுத்தை வைத்து அடுக்கிய நிகண்டு, சிதம்பர ரேவண சித்தரின் 'அகராதி நிகண்டு', 1594இல்தான் வந்தது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தபோது பெயர், பொருள், தொகை என்று மூன்று அகராதிகள் செய்தபிறகும் நிறுத்தாமல், நான்காவதாகத் தொடையகராதி என்று ஒன்றைச் சேர்த்தார். எதுகை தேடும் புலவனுக்கு உதவுவது அது. செய்யுள் எழுதுகிறவன் 'தொம்' என்று முதலடியைத் தொடங்கிவிட்டு, அடுத்த அடிக்கு 'ம்' இரண்டாவதாக வரும் சொல் தேடி அலைவான். அவனுக்கு முதலெழுத்து எதுவானாலும் சரி, அளவு ஒத்திருந்தால் போதும். முதலிடத்தில் எதுவும் வரலாம் என்று விட்டுவிட்டு மிச்சத்தை இறுக்கிப் பிடிக்கிற தேடல் இது. கம்ப்யூட்டர்க்காரர்கள் 'வைல்டுகார்டு' என்று சொல்வதும் இதையேதான்.

நிகண்டுக்காரர்கள் டேட்டாபேஸைக் கண்டுபிடித்தார்கள் என்று யாராவது மேடையில் பேசக் கிளம்பிவிடப் போகிறார்கள். எனக்கு அந்த ஆசை இல்லை. எந்தக் கேள்வி அடிக்கடி வரும் என்று பார்த்து, அதற்கேற்ற வரிசையை முன்கூட்டியே எழுதிவைப்பது பழைய பழக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இங்கிருந்துதான் என் எம்.ஏ. பட்டத்துக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. தமிழ்ப் பெயரைத் தலைகீழாக்குவது அவ்வளவு சுலபமில்லை. 'ஊர்' என்று முடியும் பெயர்களைத் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொம்மலூர் என்ற எழுத்துக் கோவையில் 'ஊர்' எங்கே இருக்கிறது? தொ, ம், ம, லூ, ர் என்ற ஐந்து எழுத்தில் 'ஊ' கிடையாது. லகர மெய்யோடு ஊகாரம் ஏறி 'லூ' ஆகிவிட்டது. வேலூர், கடலூர், கரூர், ஓசூர் எல்லாம் இப்படியே. 'ஊர்' என்று தட்டினால் கம்ப்யூட்டர் இவற்றில் ஒன்றையும் காட்டாது. உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் சேர்ந்தது என்று இலக்கண வகுப்பில் சொல்லிக் கொடுத்ததைக் கம்ப்யூட்டருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். தொம்மலூரை த், ஒ, ம், ம், அ, ல், ஊ, ர் என்று எட்டாகப் பிரித்து, பிறகு திருப்ப வேண்டும்: ர், ஊ, ல், அ, ம், ம், ஒ, த். அப்போது 'ஊர்' ஊர்கள் அத்தனையும் ஒரே கிளையில் வந்து உட்காரும். அதற்குள் 'லூர்' என்று முடிபவை ஒரு குடும்பமாகவும், அதிலும் 'அலூர்' என்று வரும் கடலூரும் தொம்மலூரும் தொம்பலூரும் பக்கத்துப் பக்கத்து வீடாகவும் இருக்கும். உடைந்த கல்லோடு வருகிறவருக்கு வேண்டியது அந்தத் தெருதான். குறில் நெடில் தெரியாத கல்லெழுத்துக்காக, ஒகர ஓகாரங்களை ஒன்றாக்கிப் புள்ளியையும் கணக்கில் எடுக்காத இன்னொரு சாவிப் பத்தி வைத்துக்கொள்ளலாம். ஏகார ஓகாரத்துக்குத் தனி வடிவம் தந்தவர் என்று சொல்லப்படும் வீரமாமுனிவர் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் தேடுவதற்கு மட்டும்தான் இந்த ஏற்பாடு. அச்சிடும்போது சரியான வடிவமே வரும்.

பழைய ஸிஸ்டங்களில் இருந்த தமிழ் இதைவிட மோசமான கதை. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய ஃபான்ட்களில், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப்பின் வந்த 'டாப்' உட்பட, எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகும். 'தொ' என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு த, பிறகு கால். கம்ப்யூட்டரின் கணக்குப்படி தொம்மலூர் என்ற சொல் தகரத்தில் தொடங்கவே இல்லை, கொம்பில் தொடங்குகிறது! தெ, தே, தை, தொ, தோ, தௌ ஆகிய ஆறும் தகர வரிசையிலிருந்து நழுவிப் போய்க் கொம்புகளோடும் சங்கிலிக் கொம்போடும் கூட்டணி வைத்துக்கொள்ளும். பன்னிரண்டில் பாதி போயிற்று. நான் மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார்ந்த புதிதில் எங்களிடம் அப்படி ஒரு கலைச்சொல் பட்டியல் இருந்தது. தகரத்தில் 'தொழிற்சங்கம்' இல்லை என்று ஒருவர் புதிதாகச் சேர்ப்பார். ஏற்கெனவே அது கொம்பில் இருக்கும். ஒரே சொல்லுக்கு மூன்று மொழிபெயர்ப்புகள் எங்கள் பக்கங்களில் வந்ததற்குக் கொள்கை வேறுபாடு காரணமில்லை. கொம்புதான் காரணம்.

யூனிகோடில் கொம்புத் தொல்லை தீர்ந்தது. வேறு தொல்லைகள் வந்தன. 'தொ'வின் குறியை ஒரே எண்ணாகவும் பதியலாம், கொம்பு ஓர் எண், கால் ஓர் எண் என்று இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, இன்டெக்ஸுக்குத் தெரியும். பதியும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றாவிட்டால் இருப்பதையே இல்லை என்று சொல்லும். எண் வரிசையும் நம் அகரவரிசை இல்லை. னகரம் நகரத்துக்கு அடுத்து வந்துவிடும், புள்ளி வைத்த எழுத்து தன் இனத்தில் கடைசியாகப் போய்விடும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்த 'டேஸ்-16' என்ற முறையில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண். கூட்டல் கழித்தலிலேயே மெய்யும் உயிரும் பிரிந்துவிடும். தேடுவதற்கு அருமையான ஏற்பாடு. ஆனால் உலகம் யூனிகோடில் எழுதிக்கொண்டிருக்கும்போது அது தனிவழியாகவே நின்றுவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சரி, முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது, நடு மட்டும்தான் தெரியும் என்றால்? கல் இரண்டு பக்கமும் உடைந்திருந்தால்? திருப்பிப் போடும் வித்தை அங்கே உதவாது. பெயரை மூன்று மூன்று எழுத்துத் துண்டுகளாக வெட்டி வைப்பார்கள். தொம்மலூர் என்றால் தொம்ம, ம்மலூ, மலூர் என்று மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும், அது எந்தெந்தப் பதிவுகளில் வருகிறது என்று ஒரு பட்டியல். 'ம்மலூர்' என்று தேடினால் 'ம்மலூ' பட்டியலையும் 'மலூர்' பட்டியலையும் எடுத்து, இரண்டிலும் உள்ளவற்றை மட்டும் திறந்து சரிபார்த்தால் போதும். போஸ்ட்கிரஸ் என்ற இலவச டேட்டாபேஸில் 2011இல் வந்த 9.1 பதிப்பிலிருந்து இந்த முறையில் நடுத்தேடலுக்கும் இன்டெக்ஸ் உதவுகிறது. இரண்டெழுத்தை மட்டும் கொடுத்துத் தேடச் சொன்னால் துண்டே கிடைக்காது, பழையபடி முழுப் புத்தகத்தையும் வாசிக்க வேண்டியதுதான்.

இதெல்லாம் சும்மா கிடைப்பதில்லை. ஒவ்வொரு கூடுதல் இன்டெக்ஸும் டிஸ்க்கில் இடம் கேட்கும். ஒரு பெயரைத் திருத்தினால் அத்தனை மரங்களிலும் திருத்த வேண்டும். துண்டு இன்டெக்ஸ் மூலத்தையே மிஞ்சும் அளவுக்கு வீங்கவும் கூடும். இடம் இல்லாத பழைய மெஷின்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு சில்லறை வித்தை தெரியும். முழுப் பதிவையும் வாசிக்காமல், பெயர் இன்டெக்ஸை மட்டும் தலை முதல் கால் வரை வாசிப்பது. பதிவு 200 எழுத்து, பெயர் 30 எழுத்து என்றால் வாசிக்க வேண்டியது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். நாற்பது வினாடி ஆறு வினாடி ஆகும். இன்னொன்று, வேறுபட்ட பெயர்களை மட்டும் தனிப் பட்டியலாக வைத்து முதலில் அதில் தேடுவது. லட்சக்கணக்கான ஆட்கள் இருந்தாலும் முருகனும் லட்சுமியும் எத்தனை தடவைதான் வருவார்கள்! சங்க இலக்கியச் சொல்லடைவுகளும் இப்படித்தான். 1962இல் வ.ஐ. சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்த புறநானூற்றுச் சொல்லடைவில் ஒரு சொல் எத்தனை பாட்டில் வந்தாலும் தலைச்சொல் ஒன்றுதான், கீழே பாட்டெண்கள். தேடுகிறவர் தலைச்சொற்களில் ஓடினால் போதும், பாட்டு முழுவதிலும் ஓட வேண்டாம். தேடல் இயந்திரங்கள் செய்வதும் வேறொன்றுமில்லை.

இன்டெக்ஸ் உதவாத கேள்விகளும் உண்டு. தமிழ்நாட்டு ஊர்ப் பட்டியலில் 'ஊர்' என்று முடிவதைத் தேடுவது கடற்கரையில் மணலைத் தேடுவது மாதிரி. விடையே புத்தகத்தில் பெரும்பகுதி என்றால் நேராகப் படித்துவிடுவதுதான் மேல். நல்ல டேட்டாபேஸ் அதைத் தானே கணித்து, இன்டெக்ஸை ஒதுக்கிவிட்டு நேராகப் படிக்கும். 'இன்டெக்ஸ் போட்டும் வேகமில்லை' என்று புலம்புகிறவர்கள் முதலில் தங்கள் கேள்வியைப் பார்க்க வேண்டும்.

பெங்களூரில் இருந்துகொண்டு இன்டெக்ஸைப் பற்றி எழுதும்போது ஒருவரை விட்டுவிட முடியாது. சீர்காழியில் 1892இல் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, கடைசியில் பெங்களூரில் வாழ்ந்து 1972இல் மறைந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் 1962இல் இங்கே தொடங்கிய ஆவணவியல் ஆய்வு பயிற்சி மையம் இன்றும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூர் வளாகத்தில் இருக்கிறது. அவர் கண்ட 'சங்கிலி இன்டெக்ஸ்' முறையில் ஒரு நூலின் பொருளைக் கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கி வாசிப்பார்கள். மருத்துவம், கண், நோய் என்று போகும் பொருளுக்கு முதல் அட்டை 'நோய், கண், மருத்துவம்' என்றிருக்கும். வாசகர் எந்த முனையைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குள் வருவார் என்று தெரியாது, கடைசி முனையோடு வந்தாலும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் நியாயம். இதைச் சொன்னவரின் பெயரிலேயே எங்கள் கவுன்ட்டர் பிரச்சினை இருக்கிறது பாருங்கள். இரண்டு இன்ஷியலும் முன்னால், ரங்கநாதன் பின்னால். ஆங்கிலேயருக்குக் குடும்பப் பெயர் கடைசியில், நமக்கு அழைக்கும் பெயரே கடைசியில். முதலெழுத்தை வைத்துத் தேடு என்றால் பாதித் தமிழர்கள் 'எஸ்' என்ற எழுத்தில்தான் இருப்பார்கள்.

பின்னாளில் நம் நாட்டு நூலகங்களில் பரவிய சி.டி.எஸ்./ஐசிஸ் என்ற யுனெஸ்கோ மென்பொருளை நினைவிருக்கிறவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். 1985இல் சிறு கம்ப்யூட்டர்களுக்கு வந்த அது, பத்தெழுத்துக்குள் அடங்கும் சொற்களுக்கு ஒரு மரம், முப்பது எழுத்து வரை நீளும் சொற்களுக்கு இன்னொரு மரம் என்று வைத்திருந்தது. சொல்லின் பின்னால் டாலர் குறி போட்டால் அதில் தொடங்குவதெல்லாம் வரும். முன்னால் போட அது இடமே தரவில்லை. காகிதம் ஒட்ட வேண்டிய வேலையாவது மிச்சம்.

எங்கள் விஷயம் எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். மூன்றாவது முறை போனபோது, அன்றைக்கு ஓடிவந்து தேடலை நிறுத்திய இளைஞர் எங்களை உள்ளறைக்கே கூப்பிட்டார். ஓய்வூதியம் கேட்டு வருகிறவர்களில் பெயரின் தொடக்கம் தெரியாமல் வருகிறவர்கள்தான் அதிகம் என்று அவரே கவனித்திருந்தார். முக்கால்வாசிப் பேர் தமிழர்கள், தெலுங்கர்கள், இன்ஷியல் முன்னால் போடுகிறவர்கள். இரண்டாவது சனிக்கிழமை அலுவலகத்துக்கு வந்து, பெயர்களைத் திருப்பி ஒரு பத்தியில் நிரப்பி, இரவு முழுக்க மெஷினை ஓடவிட்டு இன்டெக்ஸ் கட்டியிருந்தார். மேலிடத்தில் சொல்லவில்லை. இடம் போதாமல் ஏதோ பழைய நகல்களை அழித்தாராம், அதையும் சொல்லவில்லை.

'முகம்' என்பதை ஆங்கிலத்தில் ஜி போட்டும் எழுதலாம், கே போட்டும் எழுதலாம், இரண்டோடும் ஹெச் சேர்த்தும் எழுதலாம். நான்கையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒவ்வொன்றுக்கும் கையை எடுப்பதற்குள் திரை நிரம்பியது. தேடல் வேகமானால் அவசரம் குறைகிறது, ஊகித்துப் பார்க்கத் தைரியம் வருகிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன். சண்முகங்கள் நிறைய வந்தார்கள். நான்காவது முயற்சியில், ஹெச் சேர்த்த வரிசையில், பட்டறையின் பெயரோடு ஒரு பதிவு வந்தது. ஊரின் பெயர் பாதியாக வெட்டுப்பட்டு முன்னால் ஒட்டிக்கொண்டு, றுகரம் ரகரப் புள்ளியாகி, 'தர்ம ஆர்முகம்'.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னேன். "முகம் மட்டும் சரியா எழுதியிருக்கான்" என்றாள். பெயர் வித்தியாசத்துக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி முத்திரை, இரண்டு சாட்சி என்று இன்னும் ஐந்து மாதம் ஓடியது. நிலுவையோடு பணம் வந்தது. மறு வருஷம் வேறொரு வேலையாக அந்த அலுவலகத்துக்குப் போனேன். அந்த இளைஞர் மாற்றலாகிப் போயிருந்தார். கம்ப்யூட்டரின் நெற்றியில் அந்தக் காகிதம் அப்படியே இருந்தது.